கோமேதகம் என்னும் வாடிக்கையாளர்

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினேழாம் நாள், ஆடி முதல் தேதி, புதன்கிழமை. ஒற்றையாறு தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலை முதல் முற்பகல் பதினொரு மணி வரை சாரல் இடைவிடாமல் பெய்தது. பிறகு மழை நின்றது; மழை நின்ற இடத்தை மூடுபனி எடுத்துக்கொண்டது. காற்று இல்லை. தோட்ட அலுவலகத்தின் மழைமானி மூன்று அங்குலம் காட்டியது. அன்று பகல் பன்னிரண்டு மணிப் பேருந்தில், அதுவரை உலகில் இல்லாதவளாகிய கோமேதகம் வந்து இறங்கினாள்.

இல்லாத ஒருத்திக்கு எப்படிச் சீட்டுக் கொடுத்தீர் என்று நடத்துநரிடம் பின்னாளில் கேட்டபோது, "ஏறினா, எடம் சொன்னா, சில்லறை சரியா குடுத்தா. வேற என்ன வேணும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் நேரே கடைத்தெருவுக்கு நடந்து, கைப்பேசிக்குப் பணம் ஏற்றுவதும் வெளியூர்ப் பொட்டலங்களைப் பெற்றுக் கொடுப்பதும் தொழிலாகக் கொண்ட ஜெபசிங்கின் கடைமுன் நின்று, "அண்ணாச்சி, என் பேர்ல ஏதாவது வந்திருக்கா?" என்றாள்.

"பேரு?"

"கோமேதகம்."

ஜெபசிங் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவளுடைய கால்களைப் பார்த்தார். வலக்காலில் ஒன்பதாம் அளவு ஆண்கள் கித்தான் காலணியும், இடக்காலில் ஐந்தாம் அளவுப் பெண்கள் செருப்பும் இருந்தன. இரண்டும் அந்தந்தக் காலுக்கு மிகச் சரியாகப் பொருந்தியிருந்தன. இரண்டையும் அவரே சென்ற மாதம் பெற்றுக் கொடுத்திருந்தார். "மூணு பார்சல் வந்திருக்கும்மா. உள்ள வந்து உக்காரு, நனைஞ்சிருக்க" என்றார்.

அவள் யார் என்பதை விளக்க வேண்டுமானால், ஒற்றையாற்றில் கைப்பேசிக்குச் சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு மலைகளின் மடிப்பில் கிடக்கும் அத்தோட்டத்தில், ஜெபசிங்கின் கடைக்கு முன்னால் போட்டிருக்கும் சிமென்டுப் பலகையின் கிழக்கு ஓரத்தைத் தவிர வேறெங்கும் சிக்னல் கிடைக்காது. அந்த ஓரத்தில் ஒருவர்தான் அமரலாம். ஆகவே, வீட்டிலிருந்தபடியே பொருள் வாங்கும் வழக்கம் நான்கு ஆண்டுகளுக்கு முன் மலைக்கு மேலே ஏறி வந்தபோது, தொண்ணூற்றிரண்டு குடும்பங்களுக்கும் சேர்த்து இணையக் கடை ஒன்றில் ஒரே ஒரு கணக்கைத் தொடங்குவது என்று முடிவாயிற்று. அந்நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை.

கணக்குக்கு ஒரு பெயர் கேட்டது. ஜெபசிங் தம் பெயரைச் சொன்னார். கொழுந்து பறிக்கும் பெண்களில் நாக்கு நீளம் என்று பெயர் எடுத்த குருவம்மாள், "நாங்க வாங்குற உள்பாவாடைக்கெல்லாம் உம்ம பேரு எதுக்கு அண்ணாச்சி? ஒங்க வீட்டு அக்கா கேட்டா என்ன சொல்லுவீரு?" என்றாள். ஜெபசிங் வெட்கப்பட்டுப் பின்வாங்கினார். எந்தக் குடும்பத்தின் பெயரை வைத்தாலும் மற்றக் குடும்பங்கள் மனம் வருந்தும் என்பதால், தோட்டத்து எழுத்தரான ரைட்டர் பாக்கியநாதன் ஆள்வருகைப் புத்தகத்தைக் கொண்டுவந்து புரட்டி, அதில் உயிரோடு இருக்கும் எவருக்கும் இல்லாத பெயராகக் கோமேதகம் என்பதைக் கண்டுபிடித்தார். பறிப்பவர்களில் பெண்களே மிகுதி என்பதால் பாலினம் பெண் என்று எழுதினார்கள். வயது முப்பத்தொன்பது என்று குத்துமதிப்பாகப் போட்டார்கள். கைப்பேசி எண் ஜெபசிங்குடையது. இறுதியில், எங்கள் விதிமுறைகளையும் தங்களைப் பற்றிய விவரங்களை நாங்கள் எவ்வாறு பயன்படுத்துவோம் என்பதையும் படித்து ஒப்புக்கொள்கிறீர்களா என்று ஒரு கட்டம் கேட்டது.

"படிக்கணும்னா மூணு நாள் ஆகும்" என்றார் ஜெபசிங்.

"அப்ப படிச்சதா போட்டுரும்" என்றாள் குருவம்மாள். படித்ததாகப் போட்டார்கள்.

அதன்பிறகு நான்கு ஆண்டுகள், தொட்டிலும் மூட்டுவலித் தைலமும், பள்ளிக்கூடப் பையும் பல்செட்டு ஊறவைக்கும் கிண்ணமும், கல்யாணப் பட்டும் மூலநோய்க் களிம்பும் கோமேதகத்தின் பெயருக்கே வந்து கொண்டிருந்தன. நிறுவனம் அவளை மறவாமல் பிறந்தநாள்தோறும் வாழ்த்தியது. அவள் எதை விரும்புவாள் என்று அவளுக்கு முன்பே அறிந்து சொன்னது. எந்தப் பொருளின்மீது அவள் விரல் எத்தனை நொடி தயங்கியது என்பதைக்கூடக் குறித்து வைத்தது. அவளைப் பற்றி அந்நிறுவனம் அறிந்திருந்த அளவுக்கு, ஒற்றையாற்றில் எந்தக் கணவனும் எந்த மனைவியையும் அறிந்திருக்கவில்லை. இவ்வளவு தெளிவாக அறியப்பட்ட ஒருத்தி எத்தனை நாள்தான் இல்லாமலேயே இருப்பாள்? வந்துவிட்டாள் என்பதைத் தவிர அவள் வரவுக்கு வேறு காரணம் தேட ஒற்றையாற்றில் ஒருவரும் முனையவில்லை.

தொழிலாளர் குடியிருப்பின் ஆறாம் வரிசையில் பூட்டிக் கிடந்த வீட்டை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். முதல் நாள் ஒரு வீட்டிலிருந்து அரிசியும், மறுநாள் ஒரு வீட்டிலிருந்து விறகும் போயின. மூன்றாம் நாள் குருவம்மாள் அவளுக்கு ஒரு கூடையைக் கட்டிவிட்டுத் தான் பறிக்கும் செடிவரிசையாகிய நிரையிலேயே தன் பக்கத்தில் நிறுத்தினாள். குருவம்மாளின் நிரையில் முப்பத்தொன்பது பெண்கள் இருந்தார்கள்; அவளோடு நாற்பது.

தொடக்கத்தில் அவளைப் பார்ப்பது ஊருக்கு ஒரு பண்டிகையாக இருந்தது. அவள் கூந்தலின் வலப்பாதி மருதாணிச் சிவப்பாகவும் இடப்பாதி சாயக் கறுப்பாகவும் இருந்தது. ஒரு கண்ணுக்குத் தூரப் பார்வை, மற்றதற்குக் கிட்டப் பார்வை. இடுப்பில் குடலிறக்கத்துக்குக் கட்டும் பட்டை. மணிக்கட்டில் குழந்தைக் கறுப்பு வளையல். இடக்காதில் பால் நிறத்தில் ஒரு காதுக் கருவி. வெயில் வரும் அரிய நாள்களில் அவளுடைய நிழலை நோக்கிப் பிள்ளைகள் ஓடிவருவார்கள். ஏனெனில் ஒற்றையாற்றார் ஆசையோடு பார்த்துவிட்டு வாங்காமல் விட்ட பொருள்கள் யாவும் அந்த நிழலில் இருந்தன. ஒரு கிட்டார், மூன்று மிதிவண்டிகள், கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி, கடற்கரையில் விரிக்கும் பெரிய வண்ணக் குடை. மலையை விட்டு இறங்காத யார் கடற்கரைக் குடையைப் பார்த்துக் கொண்டிருந்தார் என்பது தெரியவில்லை. அந்தக் குடை மட்டும், காற்றே இல்லாத போதும், நிழலில் மெல்ல அசைந்து கொண்டிருந்தது.

பிறகு அவளைப் படிக்கத் தொடங்கினார்கள். தொல்லை அங்கிருந்துதான் பிறந்தது.

"ரைட்டர் ஐயா, கோமேதகத்துத் தலைச்சாயம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம் கறுப்பாகுது. உங்க தலையும் அப்படியேதான் ஆகுது. என்ன பொருத்தமோ!" என்றாள் குருவம்மாள், நாற்பது பேர் நடுவில். பாக்கியநாதன் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனார். மழை பெய்யவில்லை. அதற்குப் பின் ஒரு மாதம் அவர் அந்நிரைப் பக்கம் வரவில்லை. ஜெபக்கூடத்தில் பாட்டுக்கு முன்வரிசையில் நிற்பவர், கோமேதகத்தின் இடுப்புப் பட்டையைப் பார்த்தவர்கள் தம்மைத் திரும்பிப் பார்த்ததால் பின்வரிசைக்குப் போனார். கருப்பரிசோதனை அட்டை வாங்கியிருந்த, புதிதாக மணமான பெண்ணொருத்தி, கோமேதகத்தின் வயிறு மூன்று நாள் லேசாகத் துருத்தி, நான்காம் நாள் தட்டையானதைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுகையை அக்கம்பக்கத்து ஐந்து வீடுகளும் கேட்டன. கேட்டதும் ஐந்து வீடுகளுக்கும் விளங்கிவிட்டது.

யார் கேட்டாலும், எதைக் கேட்டாலும், கோமேதகம் ஒரே விடை சொன்னாள்.

"இந்தக் களிம்பு யாருக்கு வந்தது புள்ள?"

"என் பேர்ல வந்தது. என்னுது."

"இந்தப் பட்டை?"

"என்னுது."

"ஏட்டி, ஆம்பளைங்க சவரக் கத்தியுமா ஒன்னுது?"

"என் பேருதானே போட்டிருக்கு அக்கா. அப்ப என்னுதுதான்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை, மூடுபனி ஒரு மரத்தை மறைப்பதைப் போல, மரத்துக்கு வலிக்காமல் சொன்னாள். அழுத பெண்ணின் வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்து, தெருவே கேட்கும்படி, "எனக்குத்தான் இந்த மாசம் கலைஞ்சு போச்சு. ஒரு வாய் வெந்நி குடு" என்றாள். அன்று முதல் ஒற்றையாற்றில் யாரும் ஆணையிடாமலேயே ஒரு முறைமை உண்டாயிற்று: கோமேதகத்தைக் கண்டால் கண்ணை மட்டும் பார்க்க வேண்டும். அவளுக்கு மேலிருந்து கீழ் வரை மூடும் நீண்ட அங்கி ஒன்றைக் குருவம்மாளே தைத்துக் கொடுத்தாள். தைக்கும்போது அவள் வாயைத் திறக்கவில்லை. அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதல் முறை என்று நிரையில் பேசிக்கொண்டார்கள்.

எனினும் காதை மூட முடியவில்லை. அந்தக் காது புனிதவதியுடையது.

புனிதவதி, நிரையில் பறிக்கும் தவமணியின் தங்கை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், அடைமழையில், மாற்றுடை இல்லாமல் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்தவள். அங்கே பனியன் கம்பெனியில் மேஸ்திரியாக இருக்கும் குணசீலன் அவளுடைய கணவன். அவன் அறைந்ததில் அவள் இடக்காதின் சவ்வு கிழிந்தது. சொந்தக்காரர்கள் கூடிப் பேசி அவனையே ஒரு காதுக் கருவி வாங்கித் தரச் செய்து, இனி ஒற்றுமையாக இருங்கள் என்று அனுப்பி வைத்தார்கள். கருவி வாங்கிய இரண்டாம் மாதம் அவன் வலக்காதின் பக்கம் கையை ஓங்கினான். அன்றைக்குத்தான் அவள் பேருந்து ஏறினாள். ஒற்றையாற்றில் அக்காளோடு அதே நிரையில் பறித்த அவளை எல்லாரும் தவமணியின் தங்கை என்றே அழைத்தார்கள். அவள் பெயரைத் தவமணி யாரிடமும் சொல்லவில்லை. வெளியுலகோடு அவளுக்கு எஞ்சியிருந்த தொடர்பு ஒன்றே: மாதம் ஒருமுறை கோமேதகத்தின் பெயருக்கு வரும், ஆரஞ்சு நிறத் துண்டு ஒட்டிய, பொட்டுப் போன்ற சின்னஞ்சிறு பேட்டரிகள்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை முற்பகல், ஜெபசிங்கின் கைப்பேசி ஒலித்தது.

"கம்பெனியில இருந்து பேசறனுங்க. அங்க கோமேதகம்னு ஒரு கஸ்டமர் இருக்காங்களா?"

"இருக்காங்க சார். நல்லா இருக்காங்க."

"காது மிஷினுக்கு ஆரஞ்சு பேட்டரி மாசா மாசம் வாங்கறது அவங்கதானுங்களா?"

பொட்டலம் மலைமேல் வராமல் நின்றுபோய்விடுமோ என்ற அச்சம் ஒற்றையாற்றாருக்கு எப்போதும் உண்டு; ஆகையால் கம்பெனி என்ற சொல்லைக் கேட்டால் அவர்கள் கேட்டதற்கு மேலும் இரண்டு விடை சொல்வார்கள். "அவங்க பேர்ல வருது சார். மாட்டிக்கறது வேற ஆளு" என்றார் ஜெபசிங்.

"பொம்பளைங்களா?"

"ஆமா சார். பாவம், வாயில்லாப் பூச்சி. ஏன் சார், பேட்டரியில ஏதும் கொறையா?"

"கொறை ஒண்ணுமில்லீங்க. அடுத்த வாரம் புதன்கிழமை நானே நேர்ல வர்றேன்."

பேசியவன் குணசீலன். மனைவிக்கு ஏதோ ஒரு மலைத்தோட்டத்தில் உறவு உண்டு என்பதற்கு மேல் அவனுக்குத் தெரியாது. அந்நிறுவனத்தின் பொருள்களைக் கட்டி அனுப்பும் கிடங்கில் வேலை பார்த்த ஒருவன், அந்தப் பேட்டரி எந்தெந்த மலையூருக்குப் போகிறது என்பதைத் துண்டுத் தாளில் எழுதிக் குணசீலனிடம் கொடுத்திருந்தான். தாளில் இருந்தவை ஒரே ஒரு பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும்.

பிற்பகலில் சிமென்டுப் பலகையருகே தவமணியைக் கண்ட ஜெபசிங், மகிழ்ச்சியோடு, "பேட்டரி கம்பெனிக்காரரு நேர்லயே வர்றாராம். ஒன் தங்கச்சிக்குப் புது மிஷினே கெடைச்சாலும் கெடைக்கும்" என்றார்.

"எப்படிப் பேசினாரு அண்ணாச்சி?"

"மரியாதையா. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு. திருப்பூர் பக்கத்துப் பேச்சு."

தவமணி பலகையில் உட்கார்ந்தாள். "அண்ணாச்சி, வீட்டைக் காட்டிக் குடுத்துட்டீங்களே" என்று அவள் சொன்னபோது, ஜெபசிங்குக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், கடையின் கதவை இறக்கிவிட்டு, நனைந்தபடியே தவமணியின் வீட்டுக்குப் போய்ப் புனிதவதியின் முன் நின்றார்.

"தாயி, நான்தான் சொல்லிட்டேன். கம்பெனின்னு நெனைச்சேன்."

புனிதவதி அவரை உட்காரச் சொன்னாள். தவமணி துணிகளை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள். "எதுக்குக்கா கட்டுற?" என்றாள் தங்கை. "இதுக்கு மேல எங்க ஓடறது? மேல காடு, கீழ அவன்."

மறுநாள் விடிந்ததும், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், அதுவரை மறைத்து வைத்த பெயரையும் கதையையும் தவமணி நிரை முழுவதற்கும் சொன்னாள். ஒளித்து வைக்கலாம் என்றாள் ஒருத்தி. தொண்ணூற்றிரண்டு வீட்டில் ஓர் ஆளைத் தேட அரைநாள் போதும் என்றாள் மற்றொருத்தி. கருவியைக் கழற்றிவிட்டால் என்ன என்றாள் இன்னொருத்தி. காது கேட்காமல் தலையைச் சாய்த்து நடப்பதை வைத்தே கண்டுகொள்வான் என்றாள் தவமணி. கோமேதகம் ஒரு பக்கத்தில், அங்கியின் நீண்ட கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"காது மிஷின் மாட்டின ஒருத்தின்னா தேடிப்புடுவான். ஒரு ஊரே மாட்டியிருந்தா?" என்றாள் குருவம்மாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கோமேதகத்தைப் பார்த்தாள். முறைமையை மறந்து, மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "ஏட்டி, ஒனக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"எனக்கென்ன ஆகும்? ஆர்டர் போடுங்க" என்றாள் கோமேதகம்.

அன்று மாலை வரை பலகையின் கிழக்கு ஓரம் வெறுமையாக இருக்கவே இல்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் பார்வைக்குக் காதுக் கருவியாக இருக்கும், ஒலியைப் பெருக்கும் மலிவான பால்நிறக் கருவியை ஒவ்வொரு தலைக்கும் ஒன்றாகக் கேட்டு எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆரஞ்சுத் துண்டு ஒட்டிய பேட்டரி. அத்தோடு நிற்கவில்லை. இந்தக் காதைப் போல் இன்னொரு நாள் வேறொருவருடைய வயிறும் இடுப்பும் தாளில் ஏறிவிடும் என்ற எண்ணம் அனைவருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. ஆகவே, தலை வழுக்கையானவர் சீப்புக் கேட்டார். பல் இல்லாதவள் கரும்பு உரிக்கும் கத்தி கேட்டாள். பிள்ளையில்லாத வீட்டுக்குப் பள்ளிக்கூடப் பையும், பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்குத் தியான மணியும் எழுதப்பட்டன. தேவையை மறைப்பதற்குத் தேவையற்றதைக் கேட்டார்கள். உண்மைக்கு நடுவே பொய்யை, கொழுந்துக்கு நடுவே முற்றிய இலையைக் கலப்பதைப் போல, அள்ளி அள்ளிக் கலந்தார்கள்.

சனிக்கிழமை முதல் பொட்டலங்கள் மலையேறி வரத் தொடங்கின. கொண்டுவந்த ஓட்டுநர், "என்ன அண்ணாச்சி, ஊரே செவிடாயிருச்சா?" என்றார்.

"ஆ?" என்றார் ஜெபசிங், இடக்காதைத் திருப்பி.

ஒவ்வொரு பொட்டலம் பிரிக்கப்பட்டபோதும் கோமேதகம் சிறிது மாறினாள். முதலில் அவளுடைய பாதங்கள் பெரிதும் சிறிதுமாக இல்லாமல், என்ன அளவு என்று சொல்ல முடியாத பாதங்களாயின. கூந்தலின் இரண்டு நிறங்களும் கலந்து, பார்த்துவிட்டுத் திரும்பியதும் மறந்துபோகும் நிறமாயின. நிழலில் இருந்த கடற்கரைக் குடை எல்லா நிறமும் ஆகி, பின்பு ஒரு நிறமும் இல்லாததாயிற்று. திங்கட்கிழமை குருவம்மாள் அவளுக்கு எதிரே நின்று அவள் முகத்தை மனத்தில் பதித்துக்கொள்ள முயன்றாள், முடியவில்லை.

"போயிருவியாடி?"

"எங்க போவேன் அக்கா? இன்ன ஆளுன்னு சொல்ல முடியாம போயிருவேன். அவ்வளவுதான்."

"அது சாவுறதுதானே?"

"சாவு மாதிரி இல்ல. பாரம் எறக்கி வைக்கிற மாதிரி இருக்கு. எத்தனை பேரோட வலி தெரியுமா இந்த ஒடம்புல?"

குருவம்மாள் அன்று முழுவதும் கொழுந்தையே பார்த்துப் பறித்தாள். ஆயினும் பயிற்சியை விடவில்லை. இரண்டு நாள்கள், எந்த நேரத்திலும் எதிர்பாராமல், "முத்தம்மா!" என்றோ "ரெபேக்கா!" என்றோ கூவுவாள், நாற்பது பேரும் ஒருசேரத் திரும்பி, "என்னாங்க?" என்று கேட்க வேண்டும். திரும்பாதவளுக்கு வசை. கடைசியாக, "புனிதா!" என்று கூவினாள். புனிதவதி நடுங்கினாள், ஆனால் நாற்பது பேரும் திரும்பிய அசைவில் அந்த நடுக்கம் தெரியவில்லை.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிப் பேருந்தில் குணசீலன் வந்தான். தேய்த்த சட்டை, சட்டைப்பையில் மடித்த தாள். மூடுபனி கையெட்டும் தொலைவில் நின்றது.

"கோமேதகம்ங்கறது யாருங்க?" என்று ஜெபசிங்கிடம் கேட்டான்.

"ஆ?"

"கோமேதகமுங்க!"

"சத்தமா சொல்லுங்க தம்பி. காது மந்தம்." ஜெபசிங்கின் காதில் பால்நிறக் கருவி இருந்தது. அதைப் பார்த்த குணசீலன் சற்றுத் தயங்கினான். தேநீர் வாங்கிக்கொண்டிருந்த கிழவரின் காதிலும் ஒன்று இருந்தது. தையற்காரரின் காதிலும் ஒன்று. தேநீர்க் கடைக்காரர் அவனிடம், "சீனி கம்மியா, தூக்கலா?" என்று ஐந்து முறை கேட்டு, ஐந்து முறையும் காதைத் திருப்பி, கடைசியில் உப்புப் போட்டுக் கொடுத்தார்.

அவன் தோட்ட அலுவலகத்துக்குப் போனான். அங்கே பாக்கியநாதன் இருந்தார். ஊர் அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அவர் இன்னும் மறக்கவில்லை. அவர் நினைத்தால் எந்த வீடு, எந்த நிரை என்று ஒரு விரலால் காட்டிவிடலாம். அதை எண்ணிக் குருவம்மாள் இரண்டு நாளாய் உறங்கவில்லை.

"புதுசா வந்த பொம்பளைங்க பேரு வேணுங்க. இடது காது கேக்காது. என் சம்சாரம். உங்களுக்கும் வேண்டியதைச் செய்யறேன்."

பாக்கியநாதன் புத்தகத்தை மூடினார். அவருடைய தலைமுடி, சாயம் போட மறந்ததாலோ வேண்டாம் என்று விட்டதாலோ, அடியில் வெளுத்திருந்தது. இடக்காதுக் கருவியைத் தட்டிச் சரிசெய்துகொண்டார். "இங்க எல்லாருக்குமே இடது காது மந்தம் சார். ஃபேக்டரி மிஷின் சத்தம். எனக்கே இப்ப நீங்க பேசினதுல பாதி விழல. விழுந்த பாதி அசிங்கமா இருந்தது" என்றார்.

குணசீலன் நிரைகளுக்கு வந்தான். மேட்டுப்பாதையில் நின்று கீழே பார்த்தான். மழைத்தாள் போர்த்திய நாற்பது முதுகுகள், நாற்பது கூடைகள்; பனி அவற்றை அழிப்பதும் மீண்டும் எழுதுவதுமாக இருந்தது. நாற்பது இடக்காதுகளிலும் நாற்பது பால்நிறப் புள்ளிகள். அவன் ஒவ்வொன்றாகப் பார்க்க முயன்றான். பார்த்த முகத்தையே மீண்டும் பார்ப்பதாகத் தோன்றியது. வாயருகே கைகளைக் குவித்து, அவளை அழைத்துப் பழகிய அதே குரலில், "புனிதா!" என்று கத்தினான்.

நாற்பது தலைகள் ஒருசேரத் திரும்பின.

"என்னாங்க?" என்றன நாற்பது குரல்கள்.

அந்த ஒலி எதிர்மலையில் மோதித் திரும்பி வந்து, மேலும் நாற்பது பெண்கள் பனிக்குள் நிற்பதைப் போல, மறுபடியும் அவனை என்னவென்று கேட்டது. குணசீலன் ஓரடி பின்வைத்தான். நிரையின் ஓரத்தில் நின்றவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவனை நோக்கி ஏறி வந்தாள்.

"யாரு வேணும்?"

"கோமேதகம்."

"நான்தான்."

"பேட்டரி யாரு வாங்கினது?"

"நான்தான்."

"பொய் சொல்லாத. வாங்கறது நீ, மாட்டிக்கறது வேற ஒருத்தி. அவ எங்க?"

"என் பேர்ல வந்தது. என்னுது" என்றாள் அவள். "ஒரு பொருள் யாருக்குன்னு தெரிய வேண்டியது வாங்கினவளுக்கு மட்டும்தான். நீ அதை எதுக்கு மடிச்சு சட்டைப்பையில வச்சிருக்க?"

அவன் தாளை எடுத்தான். அவளுடைய முகத்தோடு அதை ஒப்பிடுவதைப் போல நிமிர்ந்து பார்த்தான். தான் பார்ப்பது இளையவளா முதியவளா, கறுப்பா சிவப்பா, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனால் சொல்ல முடியவில்லை. பார்க்கப் பார்க்க அவன் கண்கள் வலித்தன. மழைத்துளி விழுந்து தாளிலிருந்த பெயர் ஊறியது. கீழே குருவம்மாள், "தம்பி, நாலு மணிக்குக் கடைசி பஸ்ஸு. விட்டா சிறுத்தை நடமாடுற எடம். அதுக்கு மட்டும் காது நல்லா கேக்கும்!" என்று கூவினாள். நிரை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் ஒருத்தி அழுது கொண்டிருந்தாள். அதையும் அவனால் பிரித்துக் கேட்க முடியவில்லை.

அவன் நாலு மணிப் பேருந்தில் ஏறி மலையிறங்கிப் போனான்.

மாலையில் கொழுந்து நிறுத்தபோது கூடைகள் நாற்பது இருந்தன. பெண்கள் முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள். நாற்பதாம் கூடை நிரம்பியிருந்தது. அதன்மேல் நீண்ட அங்கி மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒருவரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. குருவம்மாள் மட்டும் அங்கியை எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டு, "தைக்கிறப்ப கை கொஞ்சம் நீளமா வெட்டிட்டேன்" என்றாள்.

அதன்பின் நிகழ்ந்தவை இவை. அதே ஆண்டு நவம்பரில் ஜெபசிங் அந்தக் கணக்கை மூடினார். மூடுவதற்கான காரணத்தை நிறுவனம் கேட்டது. அவர் எதையும் எழுதவில்லை. கிடங்கில் தாள் எழுதிக் கொடுத்தவன்மீது புனிதவதி கொடுத்த புகாரின் பேரில் அவன் வேலையிலிருந்து நீக்கப்பட்டான். காதுக் கருவி மாட்டியவர்களில் பதினேழு பேருக்கு உண்மையிலேயே காது மந்தமாக இருந்தது என்பது தெரியவந்து, அவர்கள் மருத்துவமனைக்குப் போய் முறையான கருவி பெற்றார்கள். பாக்கியநாதன் நரைத்த தலையோடு 2020இல் ஓய்வு பெற்றார். 2021 ஆகஸ்டில் கீழேயுள்ள நீதிமன்றம் புனிதவதிக்கு மணவிலக்கு அளித்தது. குணசீலன் அவளை நெருங்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. 2022 பிப்ரவரியில் எதிர்மலையில் கோபுரம் எழும்பி, வீட்டுக்கு வீடு சிக்னல் கிடைத்தது; அவரவர் தத்தம் பெயரில் கணக்குத் தொடங்கினார்கள். பொட்டலங்கள் இன்றும் ஜெபசிங்கின் கடைக்கே வருகின்றன. தொலைபேசியில் யார் எதைக் கேட்டாலும் அவர் விடை சொல்வதில்லை. பெயரும் பொருளும் எழுதிய பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்தே ஒவ்வொரு பொட்டலத்தையும் உரியவரிடம் கொடுக்கிறார். அடுத்து நிற்பவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார்கள். 2022 மார்ச் மாதம் புனிதவதியின் சொந்தப் பெயருக்கு முதல் பொட்டலம் வந்தது. வழக்கம்போல் அதைக் கவிழ்த்துக் கொடுத்தார். அவள் வாங்கி, பெயர் மேலே தெரியும்படி தானே நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கடைத்தெருவின் நடுவே நடந்து வீட்டுக்குப் போனாள்.